வெறுங்கையோடு வெளியே போகக்கூடாது!

சென்ற மாதம் ஆய்வுக்கூடத்தில் வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். படிவம் 4 மாணவன் ஒருவன் மட்டும் தன் முறை வந்தும் நுண்ணோக்கிப் பக்கம் போகாமல் என் மேசையருகே வந்து நின்றான்.

"டீச்சர், எங்க அண்ணனுக்கு வலிப்பு வருது. மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனோம். மருந்து கொடுக்கிறதுக்கு முன்னால ஓர் இரத்தப் பரிசோதனை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. எச்.எல்.ஏ.ன்னு எழுதியிருக்கு. வலிப்பு மூளையில வர்றதுதானே டீச்சர், இரத்தத்துல எதைத் தேடுறாங்க?"

"மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கிறார்கள்" என்று சொல்லி அனுப்பினேன். பதில் தவறில்லை, ஆனால் அவன் முகத்தில் திருப்தி இல்லை. எனக்கும்தான். சரியான பதில் சொல்ல வேண்டுமென்றால் உயிரணுவுக்குள் நடக்கும் ஒரு தரக் கட்டுப்பாட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அதற்கு நாற்பது நிமிடப் பாடவேளை போதாது. ஆகவே மாணவர்களே, இந்த வாரம் அதைப் பற்றியே பேசுவோம்.

உங்கள் நுரையீரல் உயிரணு ஒன்றுக்குள் சளிக்காய்ச்சல் வைரஸ் புகுந்துவிட்டது என்று வையுங்கள். வெளியே சுற்றிவரும் வெள்ளையணுக்களுக்கு அது தெரியாது. எதிர்ப்பொருள்கள் இரத்தத்திலும் உடல் திரவங்களிலும்தான் வேலை செய்கின்றன. உயிரணுவுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸைப் பிடிக்க அவற்றுக்குப் பெரும்பாலும் வழியில்லை. எனவே ஒவ்வோர் உயிரணுவும் தன் உள்நிலவரத்தைத் தானே வாசலில் காட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே பழசான, சரியாக அமையாத புரதங்கள் 'புரோட்டியசோம்' என்ற அரைவை இயந்திரத்தில் துண்டு துண்டாக வெட்டப்படுகின்றன. அந்தத் துண்டுகளுக்குப் பெப்டைடு என்று பெயர். அவற்றில் 8 முதல் 10 அமினோ அமிலங்கள் நீளமுள்ள சில துண்டுகளை ஒரு புரதம் கையில் ஏந்திக்கொண்டு உயிரணுவின் மேற்பரப்பில் போய் நிற்கிறது. அதுதான் எச்.எல்.ஏ. புரதம். பொதுப் பெயர் எம்.எச்.சி.; மனிதர்களிடம் இருப்பதை எச்.எல்.ஏ. என்கிறோம். இதில் இரண்டு வகுப்புகள் உண்டு. நாம் பேசப்போவது முதல் வகுப்பைப் பற்றி மட்டுமே.

டி அணு என்ற வெள்ளையணு ஒவ்வோர் உயிரணுவாகத் தடவிப் பார்த்துக்கொண்டு போகும். ஏந்தியிருப்பது நம் சொந்தப் புரதத் துண்டு என்றால் விட்டுவிடும். வைரஸின் துண்டு என்றால் அந்த உயிரணுவையே கொன்றுவிடும். உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் இந்த ஏற்பாடு உண்டு. சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை; இந்தப் புரதத்தைப் புதிதாகச் செய்துகொள்ளவும் முடியாது. அந்தக் காலத்துத் தோட்டங்களில் எத்தனையோ பேரைச் சாய்த்த மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் குடியேறுவதில் அதற்கு இந்த வசதியும் இருக்கிறது.

எச்.எல்.ஏ. புரதம் எப்படி இருக்கும்? 1987இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பமேலா பியோர்க்மன், டான் வைலி முதலியோர் அதன் வடிவத்தை எக்ஸ்ரே படிகவியல் முறையில் கண்டறிந்து வெளியிட்டார்கள். மேற்புறத்தில் ஒரு பள்ளம். பள்ளத்தின் இருபுறமும் சுருள் வடிவில் இரண்டு சுவர்கள். இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்துத் திருநீறு வாங்குவோமே, ஏறத்தாழ அப்படி. ஆய்வாளர்களை வியக்க வைத்தது வேறொன்று. அந்தப் பள்ளத்துக்குள் அவர்கள் வைக்காத ஏதோ ஒரு பொருள் இருந்தது. உயிரணு தானே வைத்து அனுப்பிய பெப்டைடுகள்தாம் அவை.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். இந்தப் புரதம் கையில் ஒன்றும் இல்லாமல் வெளியே போனால் என்ன ஆகும்?

இரண்டு கேடுகள் உண்டு. ஒன்று, புரதம் உதிர்ந்துபோகும். பெப்டைடு வெறும் சுமை அன்று. அதுதான் இந்தப் புரதத்தைக் கட்டி நிறுத்துகிறது. நாசி லெமாக் பொட்டலத்தை வாழையிலையில் மடித்துவிட்டு ரப்பர் வளையம் போடாமல் கொடுத்துப் பாருங்கள், எவ்வளவு தூரம் போகும்? இரண்டாவது கேடு பயங்கரமானது. வெறுங்கையோடு நிற்கும் புரதம் வெளியே மிதக்கும் துண்டு எதையாவது பற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் வைரஸ் தாக்கிச் செத்துப்போன உயிரணுவின் துண்டு ஒன்றைப் பற்றிக்கொண்டது என்றால், நோயே இல்லாத இந்த உயிரணு 'என்னிடம் வைரஸ் இருக்கிறது' என்று பொய்ச் சாட்சி சொன்னதாகிவிடும். டி அணு விசாரிக்காது, கொன்றுவிடும்.

அதனால் உயிரணு வெறுங்கைப் புரதத்தை வெளியே விடுவதில்லை. இதை அழகாகக் காட்டிய ஒரு சோதனை உண்டு. எலி உயிரணு வகை ஒன்றில் ஒரு குறை இருந்தது: பெப்டைடுகளை உள்ளே கொண்டுசேர்க்கும் வாசல் அதில் பழுதாகியிருந்தது. உடல் வெப்பமான 37 டிகிரி செல்சியஸில் அதை வளர்த்தால் மேற்பரப்பில் இந்தப் புரதம் மிகக் குறைவாகவே தெரிந்தது. ஆனால் 26 டிகிரியில் வளர்த்தபோது ஏராளமாக வெளியே வந்து நின்றது, வெறுங்கையோடு! திரும்ப 37 டிகிரிக்குக் கொண்டுபோனதும் உருக்குலைந்து மறைந்தது. ஹான்ஸ்-குஸ்தாஃப் யுங்கிரென் முதலியோர் 1990இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டபோது, வெற்றுப் புரதங்கள் குளிரில் வெளியே வருகின்றன என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். 26 டிகிரி நமக்கு ஒரு மழை இரவு. ஸ்வீடன்காரர்கள்கூட அதைக் குளிர் என்று சொல்ல மாட்டார்கள். புரதத்துக்குத்தான் அது குளிர்: அந்த வெப்பத்தில் ஆட்டம் குறைவு, அதனால் பெப்டைடு இல்லாமலும் தளராமல் நிற்க முடிந்தது, சோதனையையும் கடந்துவிட்டது. இதிலிருந்து என்ன தெரிகிறது? உயிரணு பெப்டைடுகளை எண்ணிப் பார்ப்பதில்லை. புரதம் தளர்ந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறது.

இதைப் பார்ப்பது யார்? எங்கே?

பள்ளியில் நீங்கள் 'ஜாலினான் எண்டோபிளாஸ்மா காசார்' என்று படித்த இடம்தான், அதாவது சொரசொரப்பான எண்டோபிளாச வலைப்பின்னல். பாடநூலில் 'புரதங்களைக் கடத்துகிறது' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். எனக்கு எப்போதும் அதில் ஒரு குறை உண்டு. அது வெறும் சாலை அன்று. அது ஒரு ஸ்டோர்.

ஸ்டோர் என்றதும் எனக்கு என் பாட்டி நினைவு வருகிறது. ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் வேலை செய்தார். பால்மரம் மலாக்காவுக்குப் புதிதல்ல. 1896இலேயே தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டுவிட்டார். வெட்டிக் கொண்டுவந்த பாலை அமிலம் ஊற்றி உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, புகையில் உலர்த்துவார்கள். பிறகு பாட்டி போன்றவர்கள் ஒவ்வொரு ஷீட்டையும் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார்கள். குமிழ் இருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா, குப்பை இருக்கிறதா? நடுவில் வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் சரியாக உலரவில்லை என்று பொருள். மறுபடி புகைக்கு அனுப்புவார்கள். தேறியதுதான் கட்டாகக் கட்டப்பட்டு வெளியே போகும். உயிரணுவின் ஸ்டோரில் நடப்பதும் இதுதான், மறுபடி புகைக்கு அனுப்புவது உட்பட!

எச்.எல்.ஏ. புரதத்தின் நீளமான சங்கிலி இங்கே உருவாகிறது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறிய துணைப் புரதம் அதோடு சேர்கிறது. அரைவை இயந்திரத்தில் வெட்டுப்பட்ட பெப்டைடுகள் 'டாப்' என்ற வாசல் வழியாக உள்ளே வருகின்றன. மேலே சொன்ன எலி உயிரணுவில் பழுதாகியிருந்தது இந்த வாசல்தான். நீளம் அதிகமான துண்டுகளை ஒரு நொதி ஓரத்தில் கத்தரித்துவிடுகிறது.

அந்த வாசலை ஒட்டியே கண்காணி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் தபாசின். 1996இல் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிரெஸ்வெல் ஆய்வகத்திலிருந்து இந்தப் புரதத்தைப் பற்றி வெளிவந்த கட்டுரையில் முதல் ஆசிரியராக இருக்கும் பெயர் சதாசிவன். டாப் வாசலோடு சேர்ந்திருப்பதால் வந்த பெயர் தபாசின். தபசு செய்வதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் தகுந்த பெப்டைடு வரும்வரை புரதத்தைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கிறதே, மனனம் செய்ய வசதியாகத் தபசு என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

தபாசின் சும்மா காத்திருப்பதும் இல்லை. எச்.எல்.ஏ.வின் பள்ளத்தைச் சற்று அகலமாகப் பிடித்துவைக்கிறது. ஏனோதானோ என்று ஒட்டிய பெப்டைடு அப்போது நழுவி விழுந்துவிடும். நன்றாகப் பொருந்தும் பெப்டைடு வந்தால் பள்ளம் தானே இறுகி மூடிக்கொள்ளும், தபாசினின் பிடியும் விட்டுப்போகும். ஆக, கிடைத்த முதல் துண்டை ஏந்திக்கொண்டு ஓட முடியாது. மேற்பரப்பில் நீண்ட நேரம் நிற்கக்கூடிய துண்டு வரும்வரை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்து ஓர் அடையாளச் சீட்டு. எச்.எல்.ஏ. சங்கிலியில் சர்க்கரைகளால் ஆன ஒரு கிளை ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் நுனியில் முதலில் 3 குளுக்கோஸ் இருக்கும். இரண்டு வெட்டப்பட்டு ஒன்று மிஞ்சும்போது கால்ரெட்டிகுலின் என்ற புரதம் அந்த ஒற்றைக் குளுக்கோஸைப் பிடித்துக்கொண்டு, எச்.எல்.ஏ.வைத் தபாசினிடமே நிறுத்தி வைக்கும். கடைசிக் குளுக்கோஸும் வெட்டப்பட்டால் விடுதலை. ஆனால் வாசலைத் தாண்டும் முன் இன்னொரு சோதகர் உண்டு. அதன் பெயரைச் சுருக்கி யு.ஜி.டி.1 என்பார்கள். தளர்ந்த புரதம் கையில் பட்டால் அது ஒரு குளுக்கோஸை மறுபடி ஒட்டிவிடும். உடனே கால்ரெட்டிகுலின் பிடித்துக்கொள்ளும், புரதம் திரும்பவும் தபாசினிடம் போய்ச் சேரும். பாட்டி உலராத ஷீட்டைப் புகைக்குத் திருப்பி அனுப்பியது நினைவிருக்கிறதா? அதுவேதான் இது. தேநீரில் கலக்கும் சீனியில்கூட இருக்கும் ஒரு சாதாரண குளுக்கோஸ், இங்கே 'இன்னும் தேறவில்லை' என்ற முத்திரையாகப் பயன்படுகிறது.

தபாசினுக்கு ஓர் உறவுக்காரப் புரதமும் உண்டு. வாசலருகே இல்லாமல் பாதையில் சற்றுத் தள்ளி நின்று, தப்பி வந்தவற்றை மறுபடி சோதிக்கிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இந்த உறவுக்காரர்தான் யு.ஜி.டி.1ஐ எச்.எல்.ஏ.விடம் அழைத்து வருகிறார். எத்தனை முறை திருப்பி அனுப்பியும் தேறாத புரதம் வலைப்பின்னலிலிருந்து வெளியே இழுக்கப்பட்டு, பெப்டைடுகளை வெட்டிய அதே அரைவை இயந்திரத்துக்குப் போகிறது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள் வைரஸ்களைப் பாருங்கள். அவை குறிவைத்துத் தாக்குவதே இந்தக் கண்காணிகளைத்தான். வாயோரம் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் வைரஸ் 'டாப்' வாசலை அடைக்க ஒரு புரதம் வைத்திருக்கிறது. சைட்டோமெகலோ வைரஸ் இன்னும் கெட்டிக்காரன்: ஒரு புரதத்தால் தபாசினை முடக்குகிறது, வேறு இரண்டால் நல்ல எச்.எல்.ஏ.வையும் குப்பையென்று இழுத்து அரைவைக்கு அனுப்புகிறது. இதற்கும் உடலிடம் ஒரு மாற்று ஏற்பாடு உண்டு. மேற்பரப்பில் எச்.எல்.ஏ.வே இல்லாத உயிரணுவைச் சந்தேகப்பட்டுக் கொல்ல என்.கே. அணுக்கள் என்று தனிப் படை இருக்கிறது. அந்தக் கதை இன்னொரு வாரம்.

மாணவனின் கேள்விக்கு இப்போது நெருங்கிவிட்டோம். எச்.எல்.ஏ. புரதம் எல்லோருக்கும் ஒன்றல்ல. முதல் வகுப்பில் ஏ, பி, சி என்று மூன்று முக்கிய மரபணுக்கள்; அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி, அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி. ஆக ஒருவரிடம் 6 வகைகள்வரை இருக்கலாம். உலகம் முழுதும் எண்ணினால் ஆயிரக்கணக்கான வகைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒவ்வொன்றின் பள்ளமும் கொஞ்சம் வேறுபட்டிருக்கும், அதற்குள் பொருந்தும் பெப்டைடும் வேறுபடும்.

தரக் கட்டுப்பாடும் எல்லா வகைக்கும் ஒரே அளவில் நடப்பதில்லை. பி 44:02, பி 44:05 என்ற இரண்டு வகைகளுக்கும் வித்தியாசம் 116ஆம் இடத்திலுள்ள ஒரே ஓர் அமினோ அமிலம்தான். ஆனால் தபாசின் இல்லாவிட்டால் 44:02 தவித்துப்போகும்; 44:05 தபாசினை எதிர்பார்க்காமல் தானே பெப்டைடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாலினி ராகவன் தலைமையிலான ஆய்வுக்குழு 2014இல் பல பி வகைகளை வரிசையாக ஒப்பிட்டு, இந்தச் சார்பு வகைக்கு வகை பெரிதும் மாறுவதைக் காட்டியது. எது நல்லது என்று கேட்டால், சூழலைப் பொறுத்தது என்பேன். தபாசினைச் சார்ந்த வகை கறாராகத் தேர்ந்தெடுக்கும். சாராத வகை, வைரஸ் தபாசினை முடக்கிய வேளையிலும் வேலை செய்யும்.

அந்த எண்களில் ஒன்றுதான் அண்ணனின் இரத்தத்தில் தேடப்பட்டது: எச்.எல்.ஏ.-பி 15:02.

கார்பமாஸெபின் என்பது வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் பல ஆண்டுகளாகத் தரப்படும் நல்ல மருந்து. ஆனால் மிகச் சிலருக்கு, பெரும்பாலும் தொடங்கிய முதல் சில வாரங்களில், தோலும் வாயின் உட்புறமும் கண்ணோரமும் கொப்புளித்து உரிந்துபோகும் கடுமையான நோய் வரும். அதன் பெயர் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய், உயிரையே பறிக்கக்கூடியது. 2004இல் தைவான் ஆய்வாளர்கள் அப்படி நோய் கண்ட 44 பேரைப் பரிசோதித்தார்கள். 44 பேரிடமும் பி 15:02 இருந்தது! அதே மருந்தைத் தொல்லையின்றிச் சாப்பிட்டு வந்த 101 பேரில் 3 பேரிடம் மட்டுமே இருந்தது. மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான தொடர்பு கிடைப்பது அபூர்வம். பிறகு மலேசியா, தாய்லாந்து, இந்தியா ஆகிய நாடுகளின் நோயாளிகளிடமும் இந்தத் தொடர்பு காணப்பட்டது. சீனர்கள், மலாய்க்காரர்கள், தாய்லாந்துக்காரர்கள் ஆகியோரிடம் இந்த வகை அதிகம். ஐரோப்பியர்களிடம் மிக அரிது. இந்தியர்களிடம் குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது.

நோய் எப்படி வருகிறது என்பதில்தான் நாம் இவ்வளவு நேரம் படித்தது உதவுகிறது. 2012இல் தைவான் குழு காட்டியது இது: மருந்து உயிரணுவுக்குள் போய்ப் பக்குவப்பட வேண்டியதே இல்லை, எல்லாச் சோதனையும் கடந்து மேற்பரப்பில் நிற்கும் 15:02 புரதத்தில் நேரடியாகவே ஒட்டிக்கொள்கிறது. தபாசினும் யு.ஜி.டி.1உம் ஸ்டோருக்குள் இருக்கின்றன. சரக்கு லாரியில் ஏறிய பிறகு அதில் ஒருவர் சாயம் பூசினால் பாட்டி என்ன செய்ய முடியும்? அதே ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், இந்த மருந்து இருக்கும்போது 15:02 ஏந்தும் பெப்டைடுகளின் கலவையும் ஓரளவு மாறுவதைக் கண்டார்கள். எந்த வழியாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான்: பழகிய முகம் வேற்று முகமாகத் தெரிய, டி அணு நம் சொந்தத் தோலைத் தாக்குகிறது. 15:02 உள்ள எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. அந்தத் தோற்றத்தைப் பகையென்று எடுத்துக்கொள்ளும் டி அணுவும் ஒருவரிடம் இருந்தாக வேண்டும்.

பரிசோதனையால் பயன் உண்டா? தைவானில் 23 மருத்துவமனைகளில் 4,877 பேருக்கு மருந்து தொடங்கும் முன் பரிசோதித்தார்கள். 7.7 விழுக்காட்டினரிடம் 15:02 இருந்தது. அவர்களுக்குக் கார்பமாஸெபின் தரவில்லை. மற்றவர்களில் ஒருவருக்குக்கூட அந்த நோய் வரவில்லை. முந்தைய கணக்குப்படி சுமார் 10 பேருக்கு வந்திருக்க வேண்டும். இந்த முடிவு 2011இல் வெளியானது.

'நாம் இந்தியர்தானே, நமக்கு எதற்குப் பரிசோதனை?' என்று வீட்டில் யாராவது கேட்டால், மலாக்காவில் இருந்துகொண்டு அப்படிக் கேட்கலாமா என்று திருப்பிக் கேளுங்கள். காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள் தமிழ் வணிகர்களும் இந்த மண்ணின் பெண்களும் கலந்து உருவான சமூகம். நம் குடும்பங்களிலும் எத்தனை பாட்டிமார் எங்கிருந்து வந்தவர்கள் என்று யாருக்குத் தெரியும்? பெயரையும் நிறத்தையும் பார்த்து எச்.எல்.ஏ. எண்ணைச் சொல்ல முடியாது. மரபணு வகை மாறுவதில்லை என்பதால் இந்தப் பரிசோதனையை ஒருமுறை செய்தால் போதும். முடிவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் வலிப்பு மருந்தைத் தாங்களாக நிறுத்திவிடக்கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பும். பல மாதங்களாகத் தொல்லையின்றிச் சாப்பிட்டு வருபவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. புதிதாகத் தொடங்கியவருக்குக் காய்ச்சலோடு தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதை முதலில் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்த மாணவன் முடிவுத் தாளோடு வந்தான். அண்ணனிடம் 15:02 இருந்தது. மருத்துவர் வேறு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். "அப்ப எனக்கும் இருக்குமா டீச்சர்?" என்றான். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த தம்பி. பெற்றோரில் ஒருவரிடம் மட்டும், அதுவும் ஒரு தொகுதியில் மட்டும் 15:02 இருப்பதாக வைத்துக்கொண்டு, தம்பியிடம் அது இருப்பதற்கான வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று கட்டம் போட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.